சுவர்ப்பக்கத்துக் கை

கழுத்து முறிந்து கிடந்த என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நடக்கலாமெண்டு சொல்லுறாங்களோ?" கேட்டுவிட்டுப் போர்வைக்குள் கிடந்த காலைப் பார்ப்பார்கள். பிறகு கொண்டுவந்த தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்ப்பார்கள். அந்தத் தோடம்பழத்தை நான் எப்படி உரிப்பேன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்குக் கால் இரண்டாம் பட்சம்தான். மூக்கு அரித்தால் சொறிய வேண்டும், கண்ணுக்குள் மயிர் விழுந்தால் எடுக்க வேண்டும். அவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்றும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் கைதான் வேண்டும்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். இதை இடது கையின் விரல் முட்டியால் கைப்பேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். நேரம் எடுக்கிறது, கோபமும் வருகிறது. ஆனாலும் எங்கள் ஆட்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், எங்கள் வீட்டில் நடந்த பிழை அவர்கள் வீட்டில் நடக்காமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கனடாவின் கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. அன்றைக்கு மழை விழுந்த உடனேயே உறைந்துகொண்டிருந்தது. கடையில் இருந்து வந்த நான் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கையில் பால் பைகளையும் தூக்கிக்கொண்டேன். "ரெண்டு தரமாக் கொண்டு வாங்கோவன்" என்று வதனி மேலே நின்று சொன்னாள். வதனி என் மனைவி. அவள் சொல்வதைக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. கைப்பிடியைப் பிடிக்க ஒரு கையும் மிஞ்சவில்லை. மூட்டை என்னைப் பின்னுக்கு இழுத்தது. கீழே கிடந்தபோது அரிசி முகமெல்லாம் கொட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக் கை வரவில்லை.

சத்திரசிகிச்சை செய்து கழுத்துக்குள் ஆணிகள் பூட்டினார்கள். வைத்தியர் கட்டிலருகே குனிந்து விளக்கினார். முள்ளந்தண்டுக்குள்ளே ஓடுகிற நரம்புக் கயிறு கழுத்தின் ஆறாவது மட்டத்தில் நசுங்கிவிட்டது. அதற்கு மேலே மூளை சொல்வது கேட்கும், கீழே கேட்காது. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை மேலே தூக்கலாம். விரல்களுக்குச் செய்தி போகாது. உணர்ச்சியும் அப்படித்தான். பெருவிரல் வரை தெரியும், மற்ற விரல்களைப் பாம்பு கடித்தாலும் தெரியாது.

அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வது? கழுத்தில் கெட்டியான பட்டி. தலையைத் திருப்ப முடியாது. கூரைச் சதுரங்களில் ஒன்றில் தண்ணீர் ஒழுகிய கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். புண் வராமல் இருக்கத் தாதிகள் வந்து என்னைப் புரட்டிவிட்டுப் போவார்கள். எந்தப் பக்கம் புரட்டினார்களோ அந்தப் பக்கம்தான் அடுத்த தடவை வரை உலகம். மணி அடிக்கக் கன்னத்தோடு ஒரு மெத்தென்ற பொத்தான் வைத்திருந்தார்கள். அது வழுகிப் போனால் கத்த வேண்டும், கத்துவதற்கு நெஞ்சில் காற்றுக் காணாது. உயிரோடு பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மூடியில் ஒரு ஓட்டை விட்டதுபோல இருந்தது. ஓட்டை வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்து "போன்ஜூர்" சொன்னார்கள்.

பிறகு புனர்வாழ்வு நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே என் கட்டிலை இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலி திரும்ப மற்றப் பக்கத்தில் இடம் வேண்டுமாம். ஆக என் இடது கை சுவர்ப்பக்கம், வலது கை ஆட்கள் வந்து போகிற பக்கம். வருகிறவர்களுக்கு ஒரு கதிரை, அதுவும் வலப்பக்கம். இந்த விபரத்தை நினைவில் வைத்திருங்கள்.

என் கைகளுக்குப் பொறுப்பானவள் ஜெனவீவ் என்ற கியூபெக் பெண். கை வேலைகளைத் திரும்பப் பழக்குவதுதான் அவளுடைய தொழில். செயின்ட்-மிஷேலில் பாண் பேக்கரி ஒன்றில் மா பிசையும் இயந்திரத்தோடு பல வருடம் நின்றவன் நான். என் பிரெஞ்சு பேக்கரிப் பிரெஞ்சு. அவள் மெதுவாகக் கதைத்தால் விளங்கும்.

அவள் எனக்கு ஒரு வித்தை காட்டினாள். உங்கள் கையைத் தளர்த்தி மணிக்கட்டைக் கீழே தொங்க விடுங்கள், விரல்கள் தாமாக விரியும். மணிக்கட்டை மேலே தூக்குங்கள், விரல்கள் தாமாக மடங்கும். விரலை மடக்குகிற தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போவதால் வருவது அது. விரல் செத்தவனுக்கு இந்த ஒன்றுதான் பிடி. மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் மடங்கி ஒரு கரண்டியையோ கோப்பையையோ பிடிக்கும். அதற்கு அந்த நாண்கள் கொஞ்சம் சுருங்கி, இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்காக இரண்டு கை விரல்களையும் மடக்கி, மெல்லிய பட்டியால் சுற்றி வைத்தாள். முன்கையில் ஒட்டுகள் ஒட்டி மின்சாரம் கொடுத்து மணிக்கட்டுத் தசையைப் பலப்படுத்தினாள். ஆரம்பத்தில் வலது கை முன்னுக்கு நின்றது. ஒரு சின்ன மரக்கட்டையை அது தூக்கியபோது சிரித்தேன், கல்யாணத்துக்குக்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

சரி, அந்தப் பெரிய காரியம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இதை எழுதிப் பயனில்லை. முள்ளந்தண்டு நசுங்கினால் சிறுநீர்ப்பைக்கும் செய்தி போகாது. நிறைந்தாலும் திறக்கத் தெரியாது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தாதிகள் செய்தார்கள். வீட்டில் யார்?

அதைக் கேட்கத்தான் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஜெனவீவ், சமூகசேவைப் பெண் ஒருத்தி, வதனி, நான், மொழிபெயர்க்க மகள் தர்சி. கல்லூரியில் படிக்கிறாள். தமிழைவிடப் பிரெஞ்சு அவளுக்குச் சுகம். கனகாலம் இங்கே வைத்திருக்க முடியாது, வசந்தம் முடிவதற்குள் கட்டில் வேறு ஆளுக்கு வேண்டும் என்று சமூகசேவைப் பெண் சொன்னாள். மூன்று வழி இருக்கிறதாம். நானே குழாய் விடப் பழக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் பழக வேண்டும், இரண்டும் இல்லையென்றால் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். தர்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, அந்த... பாத்ரூம் விசயம்" என்று தொடங்கினாள். என் பிள்ளை வாயால் அதைக் கேட்பதற்குப் படியில் விழுந்த அன்றைக்கே போயிருக்கலாம் போல இருந்தது.

வதனி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "நான் செய்வன். இதிலை என்ன கிடக்கு?"

"உம்மட வேலை?" என்றேன்.

"வேலை பேந்து பாக்கலாம்."

அவள் ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். பல வருடம் தற்காலிகமாக நின்று, அண்மையில்தான் நிரந்தரமாக்கினார்கள். அந்தக் கடிதம் வந்த அன்று பாயாசம் காய்ச்சினாள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் என்றால் வேலை மட்டுமல்ல, கடைக்குப் போக முடியாது, ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை இருக்க முடியாது. என் உடம்புக்குள் நான் அகப்பட்டுக் கிடப்பது போதாதா? அவளையும் ஏன் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த வேண்டும்? நானே செய்யப் பழகுவேன், பழகாவிட்டால் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். "உங்கட பிடிவாதத்தாலைதானே இப்பிடிக் கிடக்கிறியள்" என்றாள் வதனி. அது உண்மைதான்.

அதற்குப் பிறகு குழாயைப் பிடிப்பதுதான் ஜெனவீவோடு என் வேலை. காற்சட்டை ஸிப்பில் ஒரு வளையம் கோத்தாள், விரல் மாட்டி இழுக்க. குழாயைப் பல்லால் உறையில் இருந்து உருவக் காட்டினாள். எல்லாம் வந்தது. பிடிமட்டும் வரவில்லை. வலது மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் முன்போல மடங்கவில்லை. கிழமைக்குக் கிழமை தளர்ந்துகொண்டே போயின. மரக்கட்டை விழுந்தது. பேனை விழுந்தது. குழாய் தொடையில் விழுந்து தரையில் உருண்டது. இடது கை மட்டும் நன்றாக இறுகி வருகிறது என்றாள். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. ஐம்பது வயது தாண்டிய வலக்கைக்காரன் இடது கையை வைத்து என்ன செய்ய? மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கழுத்தைத் திரும்பவும் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே எதுவும் மாறவில்லை. இதற்கு மேலே போக எனக்கு வழியில்லை என்று நினைத்தேன். அந்த இல்லத்தில் எந்தக் கூரையில் எந்தக் கறை இருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடித்து வதனி வருவாள். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. கையில் சோறும் மீன்குழம்பும். ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டு, கைப்பையில் இருந்து ஊரில் இருந்து வந்த தைலச் சீசாவை எடுப்பாள். வலது கைப் பட்டியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்ப்பாள். தைலம் பூசி, மடிந்து கிடக்கிற விரல்களை ஒவ்வொன்றாக நீவி, நீட்டி, நெட்டி முறித்து, கடைசியில் உள்ளங்கையை நல்லாய் விரித்துப் பின்னுக்கு வளைப்பாள். வேலை முடிந்ததும் பட்டியைப் பழையபடி சுற்றிவிடுவாள். சலவைக்காரி, மடிப்பதிலும் சுற்றுவதிலும் பிழை வராது. யாருக்கும் தெரியாது.

நாலு விரலை அவள் நீவுவது எனக்குத் தெரியாது. பெருவிரலுக்கு வரும்போது மட்டும் தெரியும். அவளுடைய கைச்சூடு, சவர்க்காரத்தில் ஊறிச் சொரசொரத்த தோல். நாள் முழுக்க நான் காத்திருந்தது அதற்குத்தான். உடம்பில் ஆயிரம் பேர் கை வைத்தார்கள், ஒருத்தரும் என்னைத் தொடவில்லை. அவள் மட்டும் தொட்டாள்.

ஒருநாள் மதியம் ஜெனவீவ் பட்டியை அவிழ்த்தபோது மூக்கைச் சுருக்கினாள். பட்டியின் ஓரத்தில் மஞ்சள் கறை. "இது என்ன வாசனை?" என்று கேட்டாள். "என் மனைவி" என்றேன், பெருமையாக. அன்றைக்கு வதனிக்கு லீவு. தர்சியோடு நேரத்துக்கே வந்து வாசலில் நின்றாள். என்ன செய்கிறீர்கள் என்று காட்டச் சொல்லி ஜெனவீவ் கேட்டாள். வதனி சந்தோசமாகக் கதிரையை இழுத்துப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போல நீவி, நீட்டி, கடைசியில் உள்ளங்கையைப் பின்னுக்கு வளைத்துக் காட்டினாள்.

ஜெனவீவ் வதனியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். குரலை உயர்த்தாமல் தர்சியிடம் நெடுக ஏதோ சொன்னாள்.

தர்சி தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் நல்லாத்தான் செய்யிறீங்களாம். ஆனா இனிச் செய்யத் தேவையில்லையாம்."

பிள்ளை மெத்தென்று போர்த்திச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் பேக்கரிப் பிரெஞ்சு தெரியுமே. சுருங்க வேண்டிய நாண்களை ஒவ்வொரு நாளும் இழுத்து நீட்டினால் பிடி போய்விடும் என்றுதான் ஜெனவீவ் சொன்னாள். வலது கையின் பிடி போய்விட்டது என்றும் சொன்னாள்.

"ஆர் உம்மை உதைச் செய்யச் சொன்னது?" என்று கத்தினேன். அதுவரை வராத காற்று நெஞ்சுக்குள் எங்கிருந்தோ வந்தது. "என்ர கையை முடிச்சுப்போட்டீர்!"

வதனி கையில் இருந்த தைலத்தைத் துடைக்கவும் இல்லை. "என்ர ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தாப்பிறகு ஒருத்தரும் கையை நீட்டிவிடேல்லை" என்றாள், சுவரைப் பார்த்து. "மடிஞ்ச கை மடிஞ்சபடியே கிடந்து சூம்பிப்போச்சு. நகம் உள்ளங்கைக்குள்ளை இறங்கினது. கழுவேலாது, மணக்கும். உங்கட கையை இவங்கள் மடக்கிக் கட்டி வைச்சிருக்கக் கண்டிட்டு என்னாலை பொறுக்கேலாமக் கிடந்தது. அதுதான் சாப்பிடுற கையை எண்டாலும் காப்பாத்துவம் எண்டு..."

அவள் சீசாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவளில் பிழை இல்லை என்று ஜெனவீவ் பிறகு சொன்னாள். பாரிசவாதக் கைக்கு நீட்டிவிடுவதுதான் சரியாம். என் கை வேறு சாதி. நீட்ட வேண்டாம் என்று எனக்கு முதல் கிழமையே சொன்னார்களாம். மருந்து மயக்கத்தில் கிடந்தவனிடம் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார்கள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும், அது எங்கள் பிழை என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஆகவே வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அன்பாக எதையும் செய்யுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த நாளும் வதனி வந்தாள். சோறு தந்தாள், வாயைத் துடைத்தாள். பிறகு கதிரையைக் கால்மாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் இருந்தாள். தர்சியின் பரீட்சை பற்றியும் மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்தது பற்றியும் கதைத்தாள். என்னைத் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தைலச் சீசா மேசையில் இருந்த இடத்திலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, "மீன் நல்லாயிருக்கு" என்று மட்டும் வந்தது. பெருவிரல் சும்மா கிடந்தது. முன்பு உடம்புக்குள் அகப்பட்டிருந்தேன், இப்போது என் வாய்க்குள்ளும் அகப்பட்டுக்கொண்டேன்.

இனி இடது கைதான் என்றாள் ஜெனவீவ். சுவர்ப்பக்கம் கிடந்ததாலும், கழுவுகிற கைக்கு என்ன அவசரம் என்று வதனி விட்டதாலும் ஜெனவீவைத் தவிர ஒருவரும் அதன் பட்டியை அவிழ்க்கவில்லை. நாண்கள் கணக்காகச் சுருங்கியிருந்தன. மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் நண்டுக் கால்போல வந்து மடங்கின. நான் முரண்டு பிடித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் பழகப் போகிற வேலையோ எங்கள் ஊர் வழக்கப்படி இடது கையின் பரம்பரைத் தொழில். மற்ற வேலைக்குத்தான் வலது கை பெரியவர், இதற்கு இவரே பெரியவர்.

பழகியது லேசாக இல்லை. குழாய் விழுந்தது. விழுந்த குழாய் அழுக்கு, எறிந்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். பிடித்த குழாய் வளைந்தது. சரியாகப் போன நாளில் பாத்திரம் கவிழ்ந்து கட்டில் நனைந்தது. தாதிகள் முகம் சுளிக்காமல் விரிப்பை மாற்றினார்கள், அதுவும் எனக்கு அவமானமாக இருந்தது. போதும், இல்லத்துக்கே அனுப்புங்கள் என்று ஒருநாள் அழுதேன். நான் அழுது முடியும்வரை ஜெனவீவ் பக்கத்தில் இருந்துவிட்டு, புதிய குழாய் ஒன்றை உறையோடு என் பல்லுக்கு நேரே நீட்டினாள்.

ஒரு காலை, யன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வளையத்தை இழுத்தேன். உறையைக் கடித்தேன். மணிக்கட்டைத் தூக்கினேன், இடது கை விரல்கள் மடங்கின, குழாய் பிடியில் நின்றது. போனது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் சத்தம் கேட்டது. வேறு ஒருவருடைய கையும் அந்த வேலையில் இல்லை. மகள் பிறந்த செய்தி கேட்டு அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான் சந்தோசத்தில் அழுதேன்.

பின்னேரம் வதனி வந்தாள். சோற்றுப் பெட்டியைத் திறக்க முதலே சொன்னேன்.

"இண்டைக்கு நானே செய்தன்."

"என்னத்தை?"

"அதைத்தான்."

அவள் கரண்டியை வைத்தாள். "வாற திங்கள் வேலையை விடுறதெண்டு சொல்ல இருந்தனான்" என்றாள்.

"சொல்லாதையும்."

மேசை என் மடிக்கு மேலே இழுபட்டு நின்றது. தைலச் சீசாவுக்கு இடது கையைக் கொண்டுபோனேன். மணிக்கட்டைத் தூக்கினேன். வழுகியது. திரும்பவும் தூக்கினேன். விரல்கள் மடங்கிச் சீசாவைப் பிடித்தன. அவளிடம் நீட்டினேன்.

"இடக்கையாலை தாறன், குறை நினையாதையும். வலக்கை லீவிலை நிக்குது."

எங்கள் வீட்டில் இடக்கையால் யாரும் எதையும் கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. அவள் என் கையையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அண்டைக்குக் கத்தினது பிழை" என்றேன். "பெருவிரலுக்கு மட்டும் பூசிவிடும். மற்றதுகள் மடிஞ்சபடி கிடக்கட்டும்."

"இழுக்கமாட்டன்" என்றாள்.

கால்மாட்டில் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வலப்பக்கம் வந்தாள். வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள். கதிரையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிற் சில்லுகளின் பூட்டை ஒவ்வொன்றாக மிதித்துத் திறந்தாள். என்னோடு சேர்த்துக் கட்டிலைச் சுவரில் இருந்து இழுத்தாள். பிறகு பூட்டைத் திரும்பவும் மிதித்துவிட்டு, கதிரையை அந்த இடைவெளிக்குள் வைத்து என் இடப்பக்கம் இருந்தாள்.